பறவை வந்த திசை

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டு விட்டு ஆட்கள் கலையும் பிற்பகல் வேளையில், தேநீர்க் கடை பெஞ்சுகளில் ஒதுங்குகிறவர்கள் ஊதிய ஒப்பந்தத்தையும் வீட்டுமனை விலையையும் பேசித் தீர்த்த பிறகு, அவர்களுள் வயதில் மூத்தவர்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளிவந்த ‘புதிய பறவை’ படத்தின் பாடல்களைப் பற்றிய வழக்கு அது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையரின் சிகரமான சாதனை என்று ஒரு கட்சியும், அந்நிய தேசத்து மெட்டைத் தமிழில் பாட வைத்த காரியமே அன்றி வேறில்லை என்று மற்றொரு கட்சியும் அறுபது வருஷங்களுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. ரசிகர்கள் கூடும் எந்தத் தமிழ் ஊரிலும் இந்த வாதம் உண்டுதான். ஆயினும் ஓசூரில் அதற்கு ஒரு விசேஷமான ருசி இருக்கிறது.

காரணம், இவ்வூரின் அமைப்பே. பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகம். சந்தையில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தமிழும் ஒரே பேரத்துக்குள் புகுந்து புறப்படும். 1980-களில் லாரி, மொபெட், கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் இங்கே வரிசையாக எழுந்தபோது, சேலம், மதுரை, திருச்சி என்று பல திக்குகளிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள், சிறு வயதில் இலங்கை வானொலியில் கேட்ட பாடல்களையும் நெஞ்சோடு கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்று வேலை செய்தவரோ ராஜ்குமார் படப் பாடல்களில் வளர்ந்த கன்னடக்காரர். ‘புதிய பறவை’யின் கதாநாயகி சரோஜாதேவி பெங்களூரில் பிறந்தவர், அங்கே ‘அபிநய சரஸ்வதி’, இங்கே ‘கன்னடத்துப் பைங்கிளி’. ஆகவே இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லையின் இரு பக்கத்தாரும் உரிமையோடு வாய் திறக்கிறார்கள்.

சிவாஜி கணேசன் தம் சொந்த நிறுவனத்தின் பெயரால் தயாரித்த படம் அது. தாதா மிராசி இயக்கினார், பாட்டெல்லாம் கண்ணதாசன், பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். மேனாட்டில் பாடகரோ குழுவோ தனியே ஒரு தொகுப்பைத் தயாரித்து வெளியிட, அதை வைத்து ரசிகர்கள் அணி பிரிவது வழக்கம். நமக்கு அந்தக் காலத்தில் பாடல் தொகுப்பு என்றால் அது ஒரு திரைப்படத்தின் பாடல்கள்தாம். பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமுமே கொள்ளும் இசைத்தட்டுகளில் ஒவ்வொன்றாக வந்து, வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் மீண்டும் மீண்டும் சுழன்றே அவை ஒரு தொகுதியாக ஜனங்களின் மனத்தில் பதிந்தன.

வழக்கின் முதல் பிரிவு, ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்ற பாட்டின் பூர்வோத்தரத்தைப் பற்றியது. அதன் பல்லவியைக் கேட்டவுடன், ‘ஸ்வே’ என்ற ஆங்கிலப் பாட்டை அறிந்த காது சட்டென்று நிமிர்ந்து உட்காரும். அமெரிக்கப் பாடகர் டீன் மார்ட்டின் 1954-இல் பாடிப் பிரசித்தமாக்கிய பாட்டு அது. ஆனால் அமெரிக்காவும் அதன் பிறந்த வீடு அன்று. அதற்கு முந்தின வருஷம் மெக்ஸிகோவில் பாப்லோ பெல்ட்ரான் ரூயிஸ் என்பவர் தம் வாத்தியக் குழுவுடன் பதிவு செய்த ஸ்பானியப் பாட்டுக்கு, நார்மன் கிம்பெல் என்ற கவிஞர் ஆங்கில வார்த்தைகளை இட்டார். சரி, மெக்ஸிகோவோடு நின்றதா என்றால், அங்கேயும் ஒரு வழக்கு காத்திருக்கிறது. மெட்டை அமைத்தவர் லூயிஸ் டெமெட்ரியோ என்றும், அவர் தம் உரிமையை பெல்ட்ரானுக்கு விற்றுவிட்டார் என்றும் வரலாறு கூறுகிறது. அந்தப் பாட்டு நடக்கிற மாம்போ தாளமோ கியூபாத் தீவில் ஆப்பிரிக்க வம்சத்தாரின் முழவுகளிலிருந்து கிளம்பி, பெரெஸ் பிராடோ போன்றவர்களால் மெக்ஸிகோவுக்கு வந்து சேர்ந்தது. பாங்கோ என்ற ஜோடிக் கைம்முழவும் கியூபாவின் சொத்தே. ஹவானாவிலிருந்து மெக்ஸிகோ, மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்கா, அமெரிக்காவிலிருந்து கோடம்பாக்கம் என்று இந்தப் பறவை கடல் கடந்து வந்த தூரத்தை நினைத்தால், எந்தக் கிளையைச் சுட்டிக்காட்டி இதுதான் கூடு என்று சொல்வது?

கதையும் அப்படியே. 1958-இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய ஒரு பிரிட்டிஷ் படத்தில், இறந்துபோன சகோதரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைகிறான். 1963-இல் வெளிவந்த ‘சேஷ் அங்க’ என்ற வங்காளிப் படத்தில் அந்த உறவு கணவன் மனைவி உறவாக மாறி, உத்தம் குமார் கதாநாயகரானார். மறு வருஷம் அது ‘புதிய பறவை’ ஆயிற்று. கதை வந்த வழியைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை என்பதையும், மெட்டு வந்த வழியைப் பற்றி மட்டும் நமக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது என்பதையும் நான் ஆச்சரியத்தோடு கவனித்திருக்கிறேன். சங்கீதத்தை நாம் நம் குலதனமாக எண்ணுவதனால் வந்த ரோஷம் அது. அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை.

இராயக்கோட்டை சாலையை அடுத்த ஒரு வீட்டுத் திண்ணையில், இந்த வாதம் வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் பரீட்சையாகவே நடந்ததைப் பார்த்தேன். முப்பது வருஷம் லேத் இயந்திரத்தில் நின்று ஓய்வு பெற்ற ஒருவர், எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனிகளால் அதில் பாங்கோவின் நடையைத் தட்ட ஆரம்பித்தார். எதிரே கைப்பேசியும் கையுமாக இருந்த இளைஞர், “அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே! எதுக்கு இவ்வளவு பேச்சு?” என்றார். “அவசரப்படாதே தம்பி. முதல்ல இங்கிலீஷைப் போடு” என்றார் பெரியவர். டீன் மார்ட்டின் பாடினார்; டப்பாவின் தாளம் பிசகாமல் கூடவே போயிற்று. பிறகு சுசீலா. பல்லவி முடியுமட்டும் இளைஞர் முகத்தில் வெற்றிக் களை. சரணத்தில் குரல் மேலே ஏறித் தன் வழியே போகத் தொடங்கியதும் பெரியவர் விரல்களை நிறுத்தாமலே, “இப்போ சொல்லு, இந்த இடம் அதிலே எங்கே இருக்கு?” என்று கேட்டார். இளைஞர் ஆங்கிலப் பாட்டை மறுபடியும் ஓட்டித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. “சரி அண்ணா, வாசல் அவங்களுது, வீடு நம்மளுதுன்னு வெச்சுக்கலாம்” என்று அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

என் அபிப்பிராயத்தில் அந்த வாசலுக்கும் ஒரு நியாயம் உண்டு. கதையில் அந்தப் பாட்டு பாடப்படும் இடம் கிராமத்து ஆற்றங்கரை அன்று. சிங்கப்பூரில் ஓர் இரவு விடுதி மேடை. சௌகார் ஜானகி பாத்திரம் ஏற்ற சித்ரா அங்கே பாடகி. கேட்டுக்கொண்டிருப்பவன் துயரத்தோடு தனியே வந்து அமர்ந்திருக்கும் கோபால். 1960-களில் சிங்கப்பூர் விடுதி ஒன்றில் எந்த இசை ஒலித்திருக்குமோ அதையே அங்கே ஒலிக்கச் செய்ததில் ஔசித்தியம் இருக்கிறதே தவிரப் பழுது இல்லை. அதைக் காட்டிலும் பெரிய காரியம், அந்த மெட்டையே பின்னர் சோக வடிவத்திலும் வரவழைத்தது. நடனத்துக்கென்று பிறந்த மெட்டு, குற்றவாளியின் நெஞ்சைக் குடையும் நினைவாக மாறிவிடுகிறது. மெக்ஸிகோக்காரர் கனவிலும் எண்ணியிராத உபயோகம் இது. கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதில் கேவலம் எதுவும் இல்லை. ஒப்புக்கொண்ட பிறகும் மிஞ்சி நிற்பது எவ்வளவு என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம். மிஞ்சி நிற்பது மிகுதி.

தொகுதியிலுள்ள எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ஆஹா மெல்ல நட’ இனிமையானது. ஆனால் அந்த வருஷம் வந்த எந்தக் காதல் படத்திலும் அதைச் செருகியிருக்கலாம். ‘எங்கே நிம்மதி’யை வேறெந்தப் படத்திலும் வைக்க இயலாது. வயலின்கள் கூட்டமாக எழுந்து வர, கோரஸ் குரல்கள் பின்னிருந்து சூழ்ந்துகொள்ள, சௌந்தரராஜனின் குரல் தனியொரு மனிதனின் ஓலமாக நடுவில் நிற்கும் அந்த அமைப்பு, பாட்டு என்பதைக் காட்டிலும் நாடகத்தின் ஓர் அங்கம் என்றே சொல்லத்தக்கது. மேனாட்டு இசையிடமிருந்து இரட்டையர் கற்றது மெட்டை அன்று, இந்தப் பிரயோகத்தைத்தான். நம் சம்பிரதாயத்தில் ஒரே இழையாகப் பாடப்படும் ராகத்துக்குப் பின்னால், பல சுரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து ஒரு சூழலை எழுப்பும் வித்தை அது. மெட்டை அடையாளம் கண்டு குதூகலிக்கும் விமர்சகர்கள் இதைக் கேட்கத் தவறுவதுதான் எனக்கு வருத்தம்.

இனி வழக்கின் இரண்டாம் பிரிவு. இருவரில் இதைச் செய்தவர் யார்? எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனும், திருச்சியில் வயலின் வித்துவான்கள் குடும்பத்தில் பிறந்த டி.கே. ராமமூர்த்தியும் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் ஒருவர் ஆர்மோனியமும் ஒருவர் வயலினுமாக இருந்தவர்கள். 1952-இல் சுப்பராமன் அகால மரணம் அடைந்தபோது அவர் விட்டுப்போன வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் என்.எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. 1963-இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம். 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தபின் பிரிவு. அன்று முதல் ரசிகர்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறார்கள்: ராகமும் வயலினும் ராமமூர்த்தி, பாங்கோவும் பியானோவும் விஸ்வநாதன் என்று.

இந்தப் பங்கீடு எனக்குச் சம்மதம் இல்லை. பிரிந்த பிறகு இருவரும் செய்தவற்றைக் கேட்டாலே அது நிலைக்காது. பழமையின் காவலர் என்று கருதப்படும் ராமமூர்த்தி, 1967-இல் ‘நான்’ படத்துக்கும் 1969-இல் ‘தங்கச் சுரங்கம்’ படத்துக்கும் தனியே இசையமைத்தபோது, மேனாட்டு நடையிலும் துள்ளலிலும் யாருக்கும் சளைக்கவில்லை. புதுமையின் பித்தர் என்று கருதப்படும் விஸ்வநாதனோ 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில், பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி என்ற அரிய ராகத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பாமரரும் முணுமுணுக்கச் செய்தார். 1964-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்துஸ்தானி ராகங்கள் நிறைந்த ‘கர்ணன்’ ஜனவரியில்; முழுக்க முழுக்க இளமைக் கும்மாளமான ‘காதலிக்க நேரமில்லை’ பிப்ரவரியில்; ‘புதிய பறவை’ செப்டம்பரில்; மீனவர் வாழ்வைப் பாடிய ‘படகோட்டி’ நவம்பரில். இந்த நான்கையும் ஒரே வருஷத்தில் கொடுத்த கூட்டுறவை, இது இவர் பங்கு, அது அவர் பங்கு என்று கோடு கிழித்துப் பார்ப்பது எப்படி முடியும்? 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக அவர்கள் மறுபடியும் சேர்ந்தபோது காலம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. 2012-இல் தமிழக அரசு இருவரையும் ஒரே மேடையில் வைத்து ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்று கௌரவித்தது. மறு ஆண்டு ராமமூர்த்தியும், 2015 ஜூலை 14-ஆம் தேதி விஸ்வநாதனும் காலமானார்கள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே தேதியில், பெங்களூரில் சரோஜாதேவியின் உயிர் பிரிந்தது.

இருவரைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள், அந்தப் பாங்கோவைத் தட்டிய கைகளைப் பற்றியும், வயலின் வரிசையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்பதோடு இசைத்தட்டின் வட்டச்சீட்டு நின்றுவிட்டது. வாசித்தவர் பெயருக்கு அங்கே இடம் தரப்படவில்லை. பழைய ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களில் எஞ்சியிருப்பவர் வெகு சிலர். ஒவ்வொரு பாட்டிலும் யார் யார் வாசித்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணி, மூல மெட்டைக் கண்டுபிடித்துக் குதிப்பதைக் காட்டிலும் அவசரமானது.

ஓசூரில் கன்னட நண்பர்கள் இந்த விவாதத்தில் எப்போதும் எடுத்துவைக்கிற வாதம் ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்வது எளிதன்று. நீங்கள் மெக்ஸிகோவிலிருந்து வாங்கியதைப் பற்றியே பேசுகிறீர்களே, எங்களுக்குக் கொடுத்ததைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பார்கள். இரட்டையரின் குழுவில் உதவியாளராக இருந்த ஜி.கே. வெங்கடேஷ்தான் பிறகு கன்னடத் திரையிசையின் தலையாய இசையமைப்பாளர்களுள் ஒருவராகி, ‘சந்தியா ராகா’வுக்கும் ‘பங்காரத மனுஷ்ய’வுக்கும் இசையமைத்தவர். தமிழில் ஜெமினி கணேசனின் குரலாக நாம் அறிந்த பி.பி. ஸ்ரீனிவாஸ் கன்னடத்தில் ராஜ்குமாரின் குரல். அந்த வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்து, கன்னடப் படங்களுக்கு வாத்திய அமைப்பு எழுதிப் பழகிய பண்ணைப்புரத்து வாலிபர் ஒருவர், 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு தமிழுக்குத் திரும்பி வந்தார்.