தாடை அறுவையோடு இணைந்த பல்சீரமைப்பும் ஈறு நலனும்

முன்னுரை

மேல்தாடையும் கீழ்த்தாடையும் அளவாலோ அமைவாலோ பெரிதும் பொருந்தாதபோது, பற்களை நகர்த்துவதால் மட்டும் கடியைச் சீர்செய்ய இயலாது. அந்நிலையில் பல்சீரமைப்பும் தாடை அறுவையும் இணைத்து மேற்கொள்ளப்படுகின்றன. மெல்லும் திறனும் முகத்தோற்றமும் இதனால் மேம்படுகின்றன. ஆயினும், பற்களைத் தாங்கும் ஈறும் எலும்பும் இடருக்கு உள்ளாகின்றன. அவ்விடர் அறுவைக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அறுவைக்கு முந்தைய நிலை

கீழ்த்தாடை முன்துருத்தியவர்களிடம் கீழ் முன்பற்கள் பெரும்பாலும் நாக்கின் பக்கம் சாய்ந்து, அக்குறையை இயற்கையாகவே ஓரளவு ஈடுசெய்கின்றன. அறுவைக்கு முன் இப்பற்கள் உதட்டின் பக்கமாக நிமிர்த்தப்படுகின்றன. அவ்விடத்தில் வேரை மூடியுள்ள எலும்பு மிக மெல்லியது. வேர் அவ்வெலும்பின் எல்லையைக் கடக்குமாயின் எலும்பு குறையும். ஈறு இறங்கி வேர் வெளிப்படக்கூடும். இயல்பிலேயே மெல்லிய ஈறு உடையோர்க்கு இவ்விடர் மிகுதி. பல் கம்பிகளைச் சுற்றிப் படியும் பற்படலம் ஈறழற்சியை உண்டாக்கி இதனை மேலும் கூட்டுகிறது.

அறுவையும் அதன் பின்விளைவும்

மேல்தாடையைப் பிரித்து நகர்த்தும் லெஃபோர்ட் 1 அறுவையில், பிரிக்கப்பட்ட பகுதி அண்ணத்தின் மென்திசு முதலியவற்றின் வழியே வரும் குருதியையே நம்பியிருக்கிறது. அவ்வோட்டம் குன்றினால் ஈறும் எலும்பும் நலியும். மேல்தாடையைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது வெட்டு பல்வேர்களுக்கு இடையே செல்கிறது. வேர்களை முன்கூட்டியே விலக்கிப் போதிய இடைவெளி அமைக்காவிடில் வேர் காயமுறலாம். பல்லிடை எலும்பும் குறையலாம். அறுவைக்குப்பின் வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, தாடைகளை இணைக்கும் ரப்பர் வளையங்கள் ஆகியன பல்துலக்குவதைக் கடினமாக்குகின்றன.

முடிவுரை

இழந்த பல்தாங்கு எலும்பு முழுமையாக மீள்வது அரிது. எனவே, கம்பி பொருத்துமுன் ஈறின் தடிமன், ஈறுப்பையின் ஆழம், எலும்பின் அளவு ஆகியன மதிப்பிடப்பெற வேண்டும். ஈறுநோய் இருப்பின் முதலில் அதனைக் கட்டுப்படுத்துதல் இன்றியமையாதது. மெல்லிய ஈறுள்ள இடங்களில் திசு ஒட்டு தேவையா என்பதை அப்போதே முடிவுசெய்தல் நன்று. பற்களை எவ்வளவு நகர்த்தலாம் என்பதைத் தாடையின் தேவையோடு, அவற்றைத் தாங்கும் எலும்பின் எல்லையும் தீர்மானிக்க வேண்டும். பல்சீரமைப்பு வல்லுநர், தாடை அறுவை வல்லுநர் ஆகியோருடன் ஈறுநோய் வல்லுநரும் திட்டமிடும் நாளிலிருந்தே இணைந்து செயற்படின், சீர்பெற்ற தாடையில் பற்களும் உறுதியாக நிலைக்கும்.