ஐந்தொகையில் ஏறாத நஷ்டம்

வியாபாரம் செய்பவன் வரவையும் செலவையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டுமென்பது நமது தேசத்தில் புதிய உபதேசமன்று. ஆனால், ஒரு கம்பெனியின் தொழிலால் ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும், அவற்றை அண்டி வாழும் ஜீவராசிகளுக்கும் நேரும் நஷ்டம் எந்தப் பேரேட்டில் ஏறுகிறது? தாம்பரம் வட்டாரத்து ஜனங்கள் இவ்வாறு கேட்பதற்குத் தக்க காரணமுண்டு.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணையைச் சேருகிறது; அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைகிறது. பூநாரையும் கூழைக்கடாவும் இரை தேடும் அச்சதுப்பு நிலமே மழை வெள்ளத்தைத் தாங்கி மெல்ல வடியவிடுவது. குப்பை மேடும் சாலைகளும் கட்டிடங்களும் அதன் பெரும் பகுதியை விழுங்கிவிட்டன. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எஞ்சிய நிலத்தையும் சேர்த்துச் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது.

கணக்குக் கேட்க விதியே இல்லையென்று சொல்வதற்கில்லை. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, 2021-ல் ஓர் அறிக்கை முறையை வகுத்தது. சந்தையில் பதிவான கம்பெனிகளில் மதிப்பால் முதல் 1,000 இடங்களில் உள்ளவை 2022–23 முதல் ஆண்டுதோறும் அதை வெளியிட்டாக வேண்டும். காடு, ஈரநிலம் போன்ற இடங்களில், சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் தொழில் நடக்கிறதா என்ற கேள்விக்கு விடை கட்டாயம். அங்குள்ள உயிரினங்களுக்கு விளைந்த தீங்கு யாது, செய்த பரிகாரம் யாது என்ற கேள்விக்கோ விடையளிப்பது கம்பெனியின் இஷ்டம்! சம்பவ இடத்தில் இருந்தாயா என்று சாட்சியைக் கேட்டுவிட்டு, அங்கே நடந்ததை விருப்பமிருந்தால் சொல் என்று விட்டுவிடும் விசாரணையை எந்த நியாயஸ்தலம் ஒப்புக்கொள்ளும்?

உயிரினங்களை ரூபாய் அணாவில் மதிப்பிட முடியாதே என்பார்கள். கொக்குக்கு விலை கூறும்படி நாம் கேட்கவில்லை. எவ்வளவு நிலம் மண்கொட்டி மேடாக்கப்பட்டது, எந்த வாய்க்கால் அடைபட்டது, கழிவுநீர் எங்கே விடப்படுகிறது, ஆண்டுதோறும் வரும் பறவைகள் கூடினவா குறைந்தனவா என்பவை எண்ணிச் சொல்லக்கூடியவையே. பெருங் கம்பெனிகள் இவ்விவரங்களை வெளியிடச் செய்ய வேண்டுமென்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியால் மாநாட்டில் உலக நாடுகள் இலக்கும் வகுத்துள்ளன.

ஆகவே, இஷ்டத்துக்கு விடப்பட்ட அக்கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும். விடையைக் கம்பெனியைச் சாராத நிபுணர் பரிசோதிக்க வேண்டும். பங்குச் சந்தைக்கே வராத கட்டிட முதலாளிகளிடம், அனுமதி வழங்கும் அதிகாரிகள் இதே கணக்கைக் கேட்க வேண்டும். லாபம் பங்குதாரருக்கு, வெள்ளம் ஊராருக்கு என்ற பாகப்பிரிவினையை இனியும் நீடிக்க விடுவது தர்மமாகாது.