அறுந்து சேரும் இழை

டி.என்.ஏ.வின் வடிவம் தெரியும் முன்பே மரபணுக்களுக்கு வரைபடம் போட வழிகாட்டியது மறுசேர்க்கை. கொடிய நோயொன்றின் மரபணுவைப் பிடிக்கவும், இந்திய மக்களின் பழைய கலப்புக்குக் காலம் குறிக்கவும் அதுவே அளவுகோலானது. அந்த அறிவுக்காகத் தங்கள் ரத்தத்தைக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

1911ஆம் ஆண்டின் பிற்பகுதி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், தன் ஆசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்த பழ ஈக்களின் கணக்குகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். வகுப்பில் கொடுத்திருந்த பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரவு முழுவதும் அந்த எண்களோடு உட்கார்ந்தார். விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார். மஞ்சள் உடல், வெள்ளைக் கண், செந்தூரக் கண், சின்னச் சிறகு, குறைச் சிறகு என்று ஈக்களின் பண்புகளுக்குரிய மரபணுக்கள் ஒரே நேர்கோட்டில், அவற்றுக்கிடையே தூரமும் குறிக்கப்பட்டு நின்றன. 1913இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது.

மரபணு எந்தப் பொருளால் ஆனது என்று அன்று எவருக்கும் தெரியாது. அது டி.என்.ஏ.தான் என்பதற்கு முதல் வலுவான சான்று கிடைத்தது 1944இல். கண்ணால் காணாத ஒன்றுக்கு இவர் எப்படித் தூரம் அளந்தார்?

நம் உடலின் செல்களில் குரோமோசோம்கள் இணை இணையாக இருக்கின்றன. ஒன்று தாய் வழி வந்தது, மற்றது தந்தை வழி வந்தது. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இந்த இணைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து படிந்து, சில இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. பாடநூல்கள் இதைக் ‘குறுக்கே கலத்தல்’ என்கின்றன. அதன் விளைவு மறுசேர்க்கை. தேர் வடத்தைப் பலர் பிடித்திருக்கும்போது அது எங்கோ ஓரிடத்தில் அறுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து நிற்கும் இருவர் பிரிவது அரிது. ஒருவர் முன்கோடியிலும் மற்றவர் பின்கோடியிலும் நின்றால் பிரிவது ஏறக்குறைய உறுதி. மரபணுக்களும் அப்படித்தான். மஞ்சள் உடலும் வெள்ளைக் கண்ணும் நூறு ஈக்களில் ஒன்றில்தான் பிரிந்தன. வெள்ளைக் கண்ணும் சின்னச் சிறகும் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் பிரிந்தன. எவ்வளவு அடிக்கடி பிரிகின்றனவோ, அவ்வளவு தூரம். ஸ்டர்டிவன்டின் கணக்கு இவ்வளவுதான்.

இது வெறும் கணக்கல்ல, குரோமோசோம்கள் உண்மையிலேயே துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்பதை 1931இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹேரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மக்காச்சோளத்தின் 9ஆம் குரோமோசோம். அதன் ஒரு முனையில் நுண்ணோக்கியில் தெரியும் குமிழ், மறுமுனையில் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டு. விதையின் நிறமும் மாவுத்தன்மையும் புதுச் சேர்க்கையாக வந்த செடிகளில் குமிழும் துண்டும்கூட இடம் மாறியிருந்தன.

இரட்டை இழை ஏன் இரட்டை?

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் 1952இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் டி.என்.ஏ. சுருள் வடிவமுடையது என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஃபிராங்க்ளினின் அளவுகளையும் அந்தப் படத்தையும் அவர் அறியாமலே பார்த்துப் பயன்படுத்திய ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் இரட்டைச் சுருள் மாதிரியை வெளியிட்டார்கள். ஃபிராங்க்ளின் 1958இல், 37 வயதில் மறைந்தார். அவருடைய பங்கை உலகம் முழுதாக ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த மாதிரியின்படி டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் அடினின் எதிரே தைமின், குவானின் எதிரே சைட்டோசின். ஓர் இழை தெரிந்தால் மற்றதை எழுதிவிடலாம். டி.என்.ஏ. தன்னைத்தானே படியெடுப்பது இதனால்தான் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். மறுசேர்க்கைக்கும் இதே பொருத்தம்தான் அடிப்படை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது எஸ்.பி.ஓ.11 என்ற புரதம் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வேண்டுமென்றே வெட்டுகிறது. மற்றப் பெரும்பாலான செல்களில் இப்படியொரு வெட்டு ஆபத்து. இங்கே அது வேலையின் தொடக்கம். வெட்டுப்பட்ட முனை, இணைக் குரோமோசோமில் தனக்குப் பொருத்தமான எழுத்து வரிசையைத் தேடிப் போய்ச் சேர்கிறது. அதைப் பார்த்தே தன் இழப்பைச் சரிசெய்துகொள்கிறது. இழைகள் இடம் மாறி நான்கு கைகளாகப் பிணையும் அந்த இடத்தை 1964இல் ராபின் ஹாலிடே மனக்கண்ணில் கண்டு வரைந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வெட்டுகள் நூற்றுக்கும் மேல் விழுந்தாலும் சில பத்து இடங்களில்தான் துண்டுகள் முழுமையாகக் கைமாறுகின்றன. விந்தணுவைவிடக் கருமுட்டையில் இந்த மாற்றம் அதிகம். பெண்ணின் உடலில் இது நடக்கும் காலமும் வியப்பானது. அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அவளுடைய முட்டைகளில் மறுசேர்க்கை நடந்து முடிந்துவிடுகிறது. நம் தாய் வழிக் குரோமோசோம்கள் இன்று இருக்கும் சேர்க்கையைப் பெற்றது நம் பாட்டியின் வயிற்றில். இந்தக் கைமாற்றம் நடக்காமல் போனால் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகக்கூடும். டவுன் நோய்க்குறி ஏற்படும் வழிகளில் இதுவும் ஒன்று.

மரகைபோ ஏரிக்கரை

ஈயில் தொடங்கிய அளவுகோலை மனிதரிடம் பயன்படுத்த ஒரு தடை இருந்தது. மனிதரை விருப்பப்படி கலக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழும் பெரிய குடும்பம் கிடைத்தால்தான் உண்டு. வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரை மீனவக் குடும்பங்களில் அது கிடைத்தது.

அங்கே பலர் நடுவயதில் தள்ளாடத் தொடங்குவார்கள். கைகால் தன்னிச்சையாக ஆடும், நினைவு குலையும், பத்து முதல் இருபது ஆண்டுகளில் உயிர் போகும். 1950களில் அங்கே வேலைக்கு வந்த மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே முதலில் அவர்களைக் குடிகாரர்கள் என்றே எண்ணினார். பிறகு அது ஹன்டிங்டன் நோய் என்று கண்டுகொண்டார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி.

அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லரின் தாய் அதே நோயால் இறந்தவர். தனக்கும் வரலாம் என்று தெரிந்தே அவர் ஆண்டுதோறும் அந்த ஏரிக்கரைக்குப் போனார். அவருடைய குழு 18,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே வம்சாவளியில் எழுதியது. ஆயிரக்கணக்கானோர் ரத்தம் கொடுத்தார்கள். டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் சிறு இடங்களை அடையாளக் குறிகளாக்கி, நோயோடு எந்தக் குறி விடாமல் கூடவே போகிறது என்று ஜேம்ஸ் குசெல்லா தேடினார். 1983இல் அது கிடைத்தது. 4ஆம் குரோமோசோமில் இருந்த ஒரு குறி நோயைவிட்டு அரிதாகவே பிரிந்தது. ஸ்டர்டிவன்டின் அதே கணக்கு, இம்முறை மனிதரிடம்.

அங்கிருந்து மரபணுவைத் தொட மேலும் பத்து ஆண்டுகள். குறிக்கும் நோய்க்கும் இடையே மறுசேர்க்கை நடந்த ஒவ்வொருவரும் தேட வேண்டிய எல்லையைக் கொஞ்சம் குறுக்கினார். 1993இல் மரபணு பிடிபட்டது. அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பது முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் நிச்சயம். நோயின் வேர் இந்த மூன்றெழுத்தின் எண்ணிக்கையில் இருந்தது. தனக்கும் நோய் வந்துவிட்டதை நான்சி வெக்ஸ்லர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்.

கடைசி எட்டு சதவீதம்

குறிகளை வைத்துத் தேடியவர்கள் அடுத்து எல்லா எழுத்துகளையும் படிக்கத் துணிந்தார்கள். ஃபிரெட் சாங்கர் 1977இலேயே டி.என்.ஏ.வைப் படிக்கும் முறையைத் தந்திருந்தார். 1990இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் அதைப் பெரும் அளவில் எடுத்துச் சென்றது. துண்டு துண்டாகப் படித்ததைச் சரியான இடத்தில் வைக்க, மறுசேர்க்கையால் வரைந்த வரைபடங்களே வழிகாட்டின. 2003இல் திட்டம் நிறைவு என அறிவிக்கப்பட்டபோதும் ஏறத்தாழ 8 சதவீதம் படிக்கப்படாமலே இருந்தது. ஒரே வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்ப வரும் பகுதிகள் அவை. குரோமோசோமின் இடுப்புப் பகுதியும் அதில் அடக்கம். நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, கேரன் மீகாவும் ஆடம் ஃபிலிப்பியும் முன்னின்று நடத்திய கூட்டு முயற்சி 2022இல் அந்த இடைவெளிகளை நிரப்பியது. ஒரு முனை முதல் மறுமுனை வரை 305 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஆண் குரோமோசோமான ஒய் மட்டும் மறு ஆண்டில் சேர்ந்தது.

நம் ரத்தத்தில் ஒரு காலக்கணக்கு

இந்த அளவுகோல் இந்தியாவின் கதையையும் சொல்கிறது. இரண்டு வேறுபட்ட மக்கள் கலந்தால், முதல் தலைமுறையில் ஒவ்வொரு வழி வந்த குரோமோசோமும் முழுதாக இருக்கும். பிறகு தலைமுறைக்குத் தலைமுறை மறுசேர்க்கை அதைச் சிறு சிறு துண்டாக்கும். நீளமான துண்டுகள் என்றால் அண்மைக் கலப்பு, குட்டையானவை என்றால் பழைய கலப்பு. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் பிரியா மூர்ஜானி, டேவிட் ரைக் உள்ளிட்டோரும் 2013இல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். இந்திய மக்களிடையே பெரும் கலப்பு இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று தெரியவந்தது. அதன் பிறகு கலப்பு அடங்கி, உட்சாதி மணம் இறுகியது. தனித்தனியே பிறந்து தனித்தனியே வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எந்தக் குழுவின் பெருமைக்கும் இந்தத் துண்டுகளில் இடமில்லை.

அந்த இறுக்கத்துக்கு விலையும் உண்டு. ஒரு சிறு குழுவுக்குள்ளேயே மணம் தொடர்ந்தால், அரிய நோய் மரபணுக்கள் இணையாகச் சேரும் வாய்ப்பு கூடும். ஆந்திர வைசிய சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்வு மருந்து நெடுநேரம் இறங்காமல் நிற்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால் தவிர்த்துவிடலாம். இப்படித் தெரிந்துகொள்ளத்தான் ஜீனோம்இந்தியா திட்டம் பல சமூகங்களைச் சேர்ந்த 10,000 பேரின் ஜீனோமைப் படித்து, ஃபரிதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைத்திருக்கிறது.

இந்தத் தரவு யாருக்குப் பயன்படப் போகிறது என்பதுதான் இனி நம் முன் இருக்கும் கேள்வி. மரகைபோவின் குடும்பங்கள் கொடுத்த ரத்தம் உலகெங்கும் பணமுள்ள பல குடும்பங்களுக்கு முன்னறிவிப்பைத் தந்தது. அந்த ஏரிக்கரையில் நோயாளிகளுக்காகத் திறந்த காப்பகமோ பின்னாளில் பணமின்றி மூடப்பட்டது. குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. இருக்கும் ஆதரவு மருந்துகளும் அவர்களை ஒழுங்காகச் சென்றடையவில்லை.

நாம் அந்த வழியில் போகக் கூடாது. ரத்தம் கொடுத்தவருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்பது அவருடைய மொழியில் சொல்லப்பட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மரபணு ஆலோசகர் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்டறிந்த நோய்க்கான பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இந்த அறிவு ஒவ்வொரு படியிலும் சாதாரண மனிதர்களின் உடலிலிருந்து எடுத்து எழுதப்பட்டது. அவர்களுக்கு அது திரும்பிச் சேரும்போதுதான் ஆராய்ச்சி முடிந்ததாகக் கணக்கு.