'கேஸ் ட்ரபிள்' என்று விடாதீங்க... இதயத் தசை வீக்கமும் இரண்டு வாயுக்களும்!

காய்ச்சல் விட்டு நாலு நாள்தான் ஆகியிருக்கும். நைட் ஷிஃப்ட்டில் நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னால், ஓசூர் சிப்காட் பக்கம் முதலில் கிடைக்கும் வைத்தியம் ஒரு கோலி சோடா. 'வாயுதான், சரியாகிடும்' என்பார்கள். எப்போதும் அது வயிற்று வாயுவாக இருக்க வேண்டியதில்லை. 'மயோகார்டைடிஸ்' எனும் இதயத் தசை அழற்சியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் வைரஸ் தொற்றுக்குப் பிறகு வருவது இது. இளைஞர்களையும் விடாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோயின் கதையிலும் ஒரு வாயு இருக்கிறது. பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. நம் ரத்தக் குழாய்களே இதைச் சுரந்து தங்களைத் தளர்த்திக்கொள்கின்றன. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. தாத்தாக்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான்.

இதயத் தசையில் வைரஸ் புகுந்தால், எதிர்ப்பு செல்கள் இந்த வாயுவை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. காக்சாக்கி வைரஸ் தாக்கிய சுண்டெலிகளில் அது வைரஸ் பெருகுவதைத் தடுத்தது. ஆனால், உடலே தன் இதயத்தைத் தாக்கும் வகை அழற்சியில், எலிகளுக்கு அந்த உற்பத்தியைக் குறைத்தபோது சேதமும் குறைந்தது. அளவு மீறினால் காவல்காரனே வீட்டை உடைப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இதை அப்படியே மருந்தாக மாற்றுவது சுலபமாக இல்லை.

நைட்ரஸ் ஆக்ஸைடு வேறு. அது மயக்க மருந்தோடு தரும் 'சிரிப்பு வாயு'. வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்யும் என்பதால் இதயத்துக்கு ஆபத்தோ என்ற சந்தேகம் இருந்தது. இதய நோய் உள்ள, அல்லது இருக்கலாம் எனக் கருதப்பட்ட சுமார் 7,000 பேரிடம் அறுவை சிகிச்சையின்போது சோதித்த 'எனிக்மா-2' ஆய்வு, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை அது கூட்டவில்லை என 2014-ல் சொன்னது. போதைக்காக முகர்வது தனிக் கதை. அது நரம்பையே கெடுக்கும். பிரிட்டன் 2023 நவம்பரில் அதைத் தடை செய்துவிட்டது.

இன்னொரு ஆபத்து, சிலிண்டர் மாறுவது. 2011-ல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்ஸைடு போய், நினைவு திரும்பாமலேயே பின்னர் இறந்தார்.

சரி, நாம் என்ன செய்வது? காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் என்றால் அன்றைக்கே ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ எடுத்துவிடுங்கள். மயோகார்டைடிஸ் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உடற்பயிற்சி கூடாது. ஜிம் மட்டுமல்ல, லோடு ஏற்றும் வேலையும் இதில் சேர்த்திதான். சூப்பர்வைசர் கேட்டால் காட்ட டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.