பேச்சு ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது?

இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளியூரில் உள்ள பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். இதை வீடியோ கால் என்கிறோம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடமும் பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

டாக்டர் மாத்திரை பற்றிச் சொல்கிறார். திடீரென்று குரல் நின்றுவிடுகிறது. படமும் அசையவில்லை. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஒன்றா, இரண்டா? காதில் விழவில்லை.

நாமாக ஊகித்து மருந்து சாப்பிடக் கூடாது. டாக்டரிடம் மறுபடியும் கேளுங்கள். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு வரும். அதையும் படித்துப் பாருங்கள்.

சரி, பேச்சு ஏன் நிற்கிறது?

இணையம் வரும் வழி

தெருவிலிருந்து கேபிள் வீட்டுக்குள் வருகிறது. அது ஒரு சின்னப் பெட்டியில் சேர்கிறது. அதுதான் ரூட்டர். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இல்லை. ரேடியோ அலைகள் காற்று வழியாகச் செல்கின்றன. இதுவே வைஃபை.

சினிமா பார்த்தால் நிற்பதில்லை. பேசினால் மட்டும் நிற்கிறது. ஏன்? சினிமாவைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். தொட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பது போல. பேச்சை அப்படிப் பிடித்து வைக்க முடியாது. சொல்லும் நொடியிலேயே அது போய்ச் சேர வேண்டும்.

கோளாறு எங்கே?

கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். தெருவில் வரும் லைனில், வீட்டுக்குள் காற்று வழியில், கம்ப்யூட்டரில். எங்கே என்று தெரியாமல் பணம் செலவு செய்ய வேண்டாம்.

முதலில் ரூட்டரை அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ரூட்டர் அருகில் கொண்டு போய்ப் பேசுங்கள். இப்போது நன்றாகக் கேட்கிறதா? அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு காற்று வழியில்தான்.

சுவர்கள் அலையின் வலுவைக் குறைக்கும். இரும்பு பீரோ, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலையைத் தடுக்கும். எனவே ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம். வீட்டின் நடுவில், உயரமான பலகையில் வையுங்கள்.

பல ரூட்டர்கள் இரண்டு வகை அலைகளை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு அலைகளோடு இடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் கெடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரூட்டர் உள்ள அறையில் 5 நல்லது. தள்ளியிருக்கும் அறையில் 2.4 நல்லது.

அருகில் வைத்தும் நிற்கிறதா? ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் கேபிளால் இணையுங்கள். சரியாகிவிட்டால், முக்கியமான பேச்சுக்குக் கேபிளையே வைத்துக்கொள்ளலாம்.

கேபிள் போட்டும் நிற்கிறதா? அதே வைஃபையில் செல்போனில் பேசிப் பாருங்கள். செல்போனில் சரியாக இருந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். தேவையில்லாமல் திறந்து கிடப்பதை எல்லாம் மூடுங்கள். இரண்டிலும் நின்றால் லைனைச் சந்தேகியுங்கள். ஆனால் அந்த நேரம் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக் கூடாது.

கண்ணாடி இழைக் கேபிள் வரும் பெட்டிகளில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளி வரவில்லை என்று பொருள். அந்தக் கேபிளை மடக்காதீர்கள். அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டு போகாதீர்கள்.

அவசரத்தில் என்ன செய்வது? உங்கள் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். குரலுக்குக் கொஞ்சம் இணையம் போதும். ஆனால் டாக்டர் புண்ணையோ வீக்கத்தையோ பார்க்க வேண்டுமென்றால் படம் தேவை.

எழுதி வையுங்கள்

லைன் கோளாறு என்றால் இணையம் தரும் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது என்று நோட்டில் குறித்து வையுங்கள். கேபிள் போட்டுப் பார்த்ததையும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ல் கொண்டுவந்த விதி.

"அதிகப் பணம் கட்டி வேகத்தைக் கூட்டுங்கள்" என்று யாராவது சொல்லலாம். ரூட்டர் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் எவ்வளவு பணம் கட்டியும் பயன் இல்லை. முதலில் சோதித்துப் பாருங்கள். பிறகு பர்ஸைத் திறக்கலாம்.