நாற்று நடுகையும் தாய்ப்பாலும்

கண்டிப் பகுதியில் பெரும்போக நடுகை தொடங்கியதும் வேலையாட்கள் போதாமற் போவது வழக்கம். பிள்ளை பெற்று 2 அல்லது 3 மாதங்களேயான பெண்ணும் அப்போது வயலுக்கு இறங்க நேரிடுகின்றது. குழந்தை பாட்டியிடம் விடப்படுகின்றது. சில வாரங்களின் பின் பால் வற்றிவிட்டதெனக் கூறி மாப்பால் வாங்கப்படுகின்றது. இவ்வாறு பால் வற்றுவதற்கு அனேகமாகத் தாயின் உடற்குறை காரணமன்று, இடைவெளியே காரணம்.

குழந்தை பால் உறிஞ்சும்போது எழும் உணர்ச்சி நரம்பின் வழியே மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியை அடைகின்றது. அச்சுரப்பி இரு ஓமோன்களைக் குருதியிற் சேர்க்கின்றது. புரோலற்றின் பாலை உண்டாக்கும். ஒட்சிற்றோசின் உண்டான பாலை வெளியே தள்ளும். பிரசவத்தின் பின் கருப்பையைச் சுருக்கிக் குருதிப்போக்கைக் குறைப்பதும் அதுவே. புரோலற்றின் இரவில் அதிகமாகச் சுரப்பதால் இராப்பாலை நிறுத்துதல் கூடாது. மார்பிற் பால் தேங்கி நின்றால் சுரப்புத் தானே தணியும். கறவை மாடு வளர்ப்போருக்கு இது புதிதன்று. பால் போதாதென்று மாப்பால் ஊட்டினால் குழந்தை குறைவாக உறிஞ்சும். பால் மேலும் குறையும்.

பிரசவத்தையடுத்து முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறப் பாலைச் சிலர் பீச்சி எறிந்துவிடுகின்றனர். நோயெதிர்ப்புப் பொருள் அதிலேயே செறிந்துள்ளது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வின்படி இலங்கையில் அவ்வயதுக் குழந்தைகளுள் 82 வீதமானோர் இவ்வாறே வளர்க்கப்பட்டனர். அசுத்த நீரில் கழுவிய போத்தலோ வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

அயலிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் உண்டு. மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தொழிலாளப் பெண்ணுக்கு 9 மணி நேர வேலையில் பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு. மடுவம் இருப்பின் தலா 30 நிமிடம், இல்லாவிடின் தலா 1 மணி. சொந்த வயலில் இறங்கும் பெண்ணுக்கு இவ்விடைவேளையைக் கொடுக்கவேண்டியவர் வீட்டாரே. வயல் அருகிலிருப்பின் குழந்தையை வாடிக்குக் கொண்டுவரலாம். தூரமாயின் தாய் காலையிற் பாலைப் பீச்சி, கொதிநீரிற் சுத்தமாக்கிய மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம் வரை அது பழுதடையாது. போத்தலைத் தவிர்த்துச் சிறு கோப்பையாற் பருக்குக.

போஞ்சி, தக்காளி, கறிமிளகாய்ப் பாத்திகளுக்குப் பூச்சிநாசினி தெளிக்கும் வேலையைப் பாலூட்டும் பெண்ணிடம் விடற்க. தெளித்தவர் எவராயினும் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மேலதிக உணவு தேவை. பத்தியமென்று மீனையும் முட்டையையும் கீரையையும் விலக்குவது தவறு. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ, தாய் உண்பதற்கெனக் கொடுக்கப்படுவது. வீட்டிலுள்ள அனைவரும் பகிர்ந்துண்டால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. மார்பு கல்லாகி நொந்தால் பாலூட்டுவதை நிறுத்தாது, அன்றே குடும்பநல மருத்துவமாதுவிடம் காட்டுக.