மதுரை மாவட்டத்தின் அரிய வரலாற்றுச் செய்திகள்

மதுரை மாவட்டம் தென் தமிழ்நாட்டில் வைகை ஆற்றுச் சமவெளியில் அமைந்துள்ள மாவட்டங்களுள் ஒன்றாகும். மீனாட்சியம்மன் கோயிலாலும் பாண்டியர் தலைநகராலும் இது பரவலாக அறியப்பட்டுள்ளது. அதிகம் அறியப்படாத, சில வேளைகளில் தவறாக அறியப்பட்டுள்ள செய்திகளும் பல உள்ளன. அவற்றுட் சில வீதிப் பெயர்களிலேயே தங்கியுள்ளன.

எல்லைகள்

1790ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியால் உருவாக்கப்பட்ட இம்மாவட்டம் பல முறை பிரிக்கப்பட்டது. 1910இல் இராமநாதபுரமும் 1985இல் திண்டுக்கல்லும் 1996-97இல் தேனியும் தனி மாவட்டங்களாயின. இதனால் மதுரையுடன் இணைத்துப் பேசப்படும் இடங்கள் பல இன்று மாவட்ட எல்லைக்கு வெளியே உள்ளன. வைகை அணை தேனி மாவட்டத்தில் உள்ளது. கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மதுரை நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடி சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது.

மேலூர் வட்டத்து வயல்களுக்குப் பாயும் நீரின் ஒரு பகுதியும் வெளியிலிருந்தே வருகிறது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீர், 1895இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு அணையில் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு வைகையை அடைகிறது.

இடிக்கப்பட்ட கோட்டை

மதுரை நகரம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மதிலும் அகழியும் சூழ்ந்த நகரமாக இருந்தது. மக்கள்தொகை பெருகவே உள்ளே நெரிசல் மிகுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இதற்கு அவர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது: மதிலின் ஒரு பகுதியை இடித்து அதன் முன்னுள்ள அகழியைத் தூர்ப்பவர்க்கே அந்நிலம் வீடு கட்ட வழங்கப்பட்டது. இவ்வாறு எழுந்தவையே நான்கு வெளி வீதிகளும் அவற்றையடுத்த வீதிகளுமாகும். பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் வழங்குகின்றன. கடைவீதியிலுள்ள விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக நாட்டப்பட்டது. அதனடியில் பொருள் வாங்குவோரிற் பலர் இதனை அறியார். கோட்டையின் எச்சமாக மேற்கு வாயிற்பகுதி மட்டும் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே நிற்கிறது.

மாசி வீதியில் சித்திரைத் தேர்

மீனாட்சியம்மனின் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடுவதில்லை. மாசி வீதிகளில் ஓடுகிறது. மீனாட்சி திருக்கல்யாணம் முற்காலத்தில் மாசி மாதத்தில் நடைபெற்றதாகவும், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதனைச் சித்திரைக்கு மாற்றியதாகவும் கூறுவர். சோழவந்தான் அருகிலுள்ள தேனூரில் நடைபெற்றுவந்த அழகர் ஆற்றில் இறங்கும் விழாவும் அப்போதே மதுரைக்குக் கொண்டுவரப்பட்டது என்பது வழக்கு.

தங்கையின் திருமணத்திற்கு வந்த அழகர், அது முடிந்துவிட்டதை அறிந்து சினந்து திரும்பினார் என்பது மக்களிடையே வழங்கும் கதையாகும். ஆனால் அழகர்கோயில் மரபின்படி, மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கவே அழகர் வருகிறார். இரண்டும் வெவ்வேறு விழாக்களாக இருந்தவை என்பதற்கு இதுவே சான்றாகக் காட்டப்படுகிறது.

பெருங்காமநல்லூர்

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் அனைவரும் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதப்பட்டு, கைரேகை பதிவு செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டனர். உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் இதற்கு உடன்பட மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டையொட்டி, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்து ஓராண்டுக்குள் நடந்த இந்நிகழ்வு, மாவட்டத்திற்கு வெளியே நெடுங்காலம் பேசப்படவில்லை. ஊரில் உயிரிழந்தோர்க்கு நினைவுத்தூண் உள்ளது.

மாங்குளமும் அரிட்டாபட்டியும்

மேலூர்ச் சாலைக்கு அப்பாலுள்ள மாங்குளம் குன்றின் குகைக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைக் குறிக்கும் இவை, தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. இதனையொட்டிய அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டுகளில் இப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் தொடர்ந்து போராடியதையடுத்து, நடுவண் அரசு 2025 சனவரியில் அவ்வேலத்தை நீக்கியது.